மேஜை மேல் நீச்சல்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதப் போகும்போது அது உண்மையா என்று ஒரு சந்தேகம் வந்தது. உடம்பைப் பொறுத்தவரை உண்மை, மற்றதெல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை தாண்டினால்தான் தெரியும். உங்கள் அக்கா நலம். மிகவும் நலம். அவள் இவ்வளவு நலமாக இருப்பதுதான் இப்போது என் பெரிய கவலை. காரணத்தைக் கீழே உரிய இடத்தில் எழுதுகிறேன். அங்கே நீங்களும், உங்கள் மனைவியும், பிள்ளைகளும், கப்பல் வேலையை விட்டு வந்ததும் நீங்கள் வாங்கிய அந்த நாயும் சுகமாக இருக்க வேண்டும். (அந்த நாய்க்கு நீந்தத் தெரியுமா? யார் சொல்லிக்கொடுத்தது? நான் கேட்டதாக நினைக்க வேண்டாம்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் அக்கா எழுந்து முகம் கழுவிய பிறகு, நீங்கள் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்கவே முடியவில்லை, அத்தான் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். நெஞ்சு வலி என்று சொல்லச் சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன். அப்படிச் சொன்னால் அவளும் கூடவே கிளம்பிவிடுவாள். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். கால் சுளுக்கு என்றால் உங்களைத் திட்டுவாள், என்னை அனுப்ப மாட்டாள். இடுப்புப் பிடிப்பு ஒன்றுதான் உண்டு என்றும் இல்லை என்றும் எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதது. இதை நான் தொலைபேசியிலேயே உங்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தொலைபேசி உங்கள் அக்காவின் கையை விட்டு இறங்குவதில்லை. தவிர, பொய் சம்பந்தமாக எதைப் பேசினாலும் என் குரல் கீச்சென்று போய்விடும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஏன் இப்படி ஒரு பொய் தேவைப்பட்டது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி வேறு யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிதில், சும்மா இருக்க முடியாமல், அடுப்படியில் உள்ள டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் சர்க்கரையும் சோப்புத்தூளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. அது அகர வரிசையின் குற்றமே தவிர என் குற்றம் அல்ல என்று இன்றும் நினைக்கிறேன். அன்று மாலை தேநீர் நுரைத்தது. உங்கள் அக்கா உங்களுக்குத் தொலைபேசி செய்தாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "அத்தான், பக்கத்துல நூலகம் இருக்குல்ல, அங்க போய் பேசாம உக்காருங்க. யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றீர்கள். பக்கத்தில் நூலகம் இருப்பது உண்மை. பேசாமல் உட்காரலாம் என்பதும் ஓரளவு உண்மை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றீர்களே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

இந்த நூலகத்தின் நூலகர் ஓர் அம்மாள். குட்டையான உருவம், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், அதைப் போட்டுக்கொண்டு ஒருவரைப் பார்த்தால் அவர் எதையோ கற்றுக்கொள்ளப் போகிறார் என்று பொருள். உள்ளே வந்தவர் வந்தபடியே வெளியே போனால் அந்த அம்மாளுக்குப் பொறுக்காது. மழைக்கு ஒதுங்கிய ஒரு பால்காரர் இப்போது கணினியில் கடிதம் அடிக்கிறார். கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த ஒருவர் நட்சத்திரம் பார்க்கும் குழுவில் செயலாளராக இருக்கிறார். நான் பத்திரிகைப் பகுதியில், கால் ஆடும் ஒரு நாற்காலியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் கண்ணாடி ஏறியது. "ஐயா, தினமும் வர்றீங்க, தினமும் போறீங்க. என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். இந்த வயதில் என்னம்மா என்று நான் இழுத்தேன். "சின்ன வயசுல கத்துக்கத்தான் பள்ளிக்கூடம் கட்டி வெச்சிருக்காங்களே. இது அதுக்கப்புறம் கத்துக்கறதுக்குக் கட்டினது" என்று சொல்லிவிட்டு, வாசலை ஒட்டிய சுவரைக் காட்டினார்.

அந்தச் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒன்றின் தலைப்பு 'எனக்குத் தெரியும்'. மற்றொன்று 'எனக்குத் தெரிய வேண்டும்'. சொல்லிக்கொடுக்கக் கூடியதை ஒரு சீட்டில் எழுதி முதல் பலகையில் குத்த வேண்டும்; கற்றுக்கொள்ள விரும்புவதை இரண்டாவதில். நூலகர் இரண்டையும் பொருத்திப் பார்த்து ஆட்களைச் சேர்த்து, மாலையில் படிப்பறையில் இடம் ஒதுக்கிக் கொடுப்பார். தெரியும் பலகையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, சதுரங்கம், வரவு செலவு எழுதுவது என்றெல்லாம் இருந்தன. வேண்டும் பலகையில் ஒருவர் 'என் பேரன் பேசுவது புரிய வேண்டும்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'எனக்கும்' என்று இருந்தது.

இப்போது நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் நீர்வளத் துறையில் வரைபடம் வரைந்தவன் அல்லவா. எந்த ஏரி எங்கே எத்தனை ஆழம், எந்த அணையில் எங்கே சேறு, எல்லாம் என் கையால் நீல மையில் கோடு போட்டவை. ஆனால் கணுக்காலுக்கு மேல் நான் தண்ணீரில் இறங்கியதில்லை. இவ்வளவு தண்ணீரை வரைந்துவிட்டு ஒரு தடவைகூட அதில் மிதக்காமல் போகிறோமே என்று உள்ளுக்குள் ஒரு குறை. ஆகவே ஒரு சீட்டை எடுத்து, அளவுகோல் வைத்து, 'நீச்சல்' என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் 'நீர்வளத் துறை, ஓய்வு' என்று என் விவரத்தையும் எழுதிக்கொண்டு பலகைக்குப் போனேன்.

வேண்டும் பலகைக்கு முன்னால் தூண் மாதிரி ஒரு மனிதர் நின்று, எல்லாச் சீட்டையும் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வேண்டும். 'சற்று' என்று தொடங்கலாமா, 'தயவுசெய்து' என்று தொடங்கலாமா, இரண்டையும் போட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடுமா என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடும் நேரத்து மணி அடித்துவிட்டது. சீட்டைக் கையில் வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது. நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று, பக்கத்துப் பலகையின் ஓரத்தில், ஒரே ஒரு குண்டூசியால், தற்காலிகமாகத்தான் குத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் சீட்டைக் காணோம். அது நூலகர் கையில் இருந்தது. "நீர்வளத் துறைன்னு சொல்லவே இல்லையே ஐயா. இந்த ஊர்ல நீச்சல் சொல்லித்தர ஆளே கெடைக்காம நான் ரெண்டு வருஷமா தவிச்சிட்டு இருக்கேன்" என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். படிப்பறையில் மூன்று பேர் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும் ஒரு பெரியவர், அவரை எல்லோரும் தலையாட்டி என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது, படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். இந்தப் படகுத்துறைக்காரரை நீங்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தலை நரைக்கும் வரை படகிலேயே வேலை பார்த்தவர், நீந்தத் தெரியாது. இப்போது புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது: படகில் ஏறும் ஊழியர் எல்லோரும் நகராட்சி நீச்சல்குளத்தின் அகலத்தை நீந்திக் கடந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ உள்ள சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றிவிடுவார்கள். அவர் வீட்டம்மாவுக்கு நடக்க முடியாது. படகுத்துறைக்குப் பின்னால்தான் வீடு. மத்தியானம் போய்ச் சாப்பாடு போட்டுவிட்டு வருவார். கிட்டங்கிக்குப் போனால் அது முடியாது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மைத்துனரே, மழைக்காலத்தில் கரை உடையும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் எங்கள் துறை ஜீப்பைப் பார்ப்பது போல இருந்தது.

நான் உண்மையைச் சொல்லவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். முதல் வாக்கியமே அதுதான். எழுந்து நின்று, கைகூப்பி, "எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அவர்கள் கை தட்டினார்கள். தையல்கார அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "நெறகுடம். தெரியாதவன்தான் தெரியும்னு குதிப்பான்" என்றார். தலையாட்டி தலையாட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. "உண்மையிலேயே தெரியாது, சத்தியமாக ஒன்றும் தெரியாது" என்று குரலை உயர்த்திச் சொன்னேன், கைதட்டல் கூடிவிட்டது. நம் ஆட்களின் பழக்கத்தைப் பாருங்கள். பெரிய வித்துவான் மேடை ஏறினால் முதலில் நான் ஒன்றும் அறியாதவன் என்றுதான் ஆரம்பிக்கிறார். அந்த அவையடக்கத்தால், உண்மையிலேயே ஒன்றும் அறியாதவன் அதைச் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம்கூட மிச்சம் இல்லாமல் போய்விட்டது. மூன்றாவது தடவை நூலகரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்கள மாதிரி அடக்கமானவங்கள பார்க்கறதே அபூர்வம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஆகவே நான் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் நீச்சலைப் பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்தேன். மீன்களைப் பற்றியும் ஒன்று எடுத்தேன், கடைசியில் அதுதான் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தண்ணீர் இல்லாத குறைக்குப் படிப்பறையின் நீள மேஜைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டேன். அதன் மேல் குப்புறப் படுத்து, கையை எப்படி வீச வேண்டும், காலை எப்படி உதைக்க வேண்டும், எந்த இடத்தில் தலையைத் திருப்பி மூச்சு வாங்க வேண்டும் என்று புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்து காட்டினேன். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பது விதி. அதனால் முழு நீச்சலையும் கிசுகிசுவென்றுதான் சொல்லிக்கொடுத்தேன். "உதையுங்கள், மெதுவாக உதையுங்கள்" என்று நான் காதோரம் சொல்ல, அவர்கள் மேஜை கிறீச்சிடாமல் உதைப்பார்கள். மூச்சுப் பயிற்சிக்கு மேஜைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர். முகத்தை முக்கிக் குமிழி விட வேண்டும். பத்திரிகை படிக்கிற கூட்டம் முதலில் முணுமுணுத்தது. பிறகு ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பத்திரிகைக்கு மேலாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மிதப்பது எப்படி என்று மல்லாந்து படுக்கச் சொன்ன அன்று தலையாட்டி அப்படியே தூங்கிவிட்டார். உடம்பு இறுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறபடி அது மிகச் சரியாக இருந்ததால், அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்கு விளக்கினேன். இன்னொரு நாள் நானே ஒரு பேசினைத் தட்டிவிட்டு, கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியை நனைத்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றதில், எரிமலை, எலும்பு, எறும்பு மூன்றைப் பற்றியும் இப்போது எனக்கு ஓரளவு தெரியும்.

இந்தப் படகுத்துறைக்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு சொல்லை விட மாட்டார். பயம் வந்தால் என்ன செய்யக் கூடாது என்று புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு: கையை மேலே தூக்கக் கூடாது, கத்தக் கூடாது, கம்பத்தில் ஏறுவது போலத் தண்ணீரில் ஏறப் பார்க்கக் கூடாது, மூச்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அதை அவர் மனப்பாடமாகவே சொல்வார். வேலையில் டிக்கெட் கிழிக்கும்போதும் வலது கை, இடது கை, மூச்சு என்று எண்ணிக்கொண்டே கிழிக்கிறாராம். நான் புத்தகத்தில் படித்ததை மேஜையில் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அந்த மனிதர் தண்ணீரில் குதித்தால் என்ன ஆகும்?

இனி உங்கள் அக்காவின் நலத்துக்கு வருகிறேன். ஒரு மாலை நான் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டேன். அதைக் கொடுக்க அவள் நூலகத்துக்கு வந்தாள். படிப்பறைக் கதவைத் திறந்தபோது நான் மேஜை மேல் குப்புறக் கிடந்து, இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு, "தண்ணீரிடம் பயப்படக் கூடாது. அது நம்மைத் தாங்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறது" என்று கொஞ்சம் குரல் எடுத்தே சொல்லிக்கொண்டிருந்தேன், விதியை மீறிவிட்டேன் என்று அப்போதே தெரியும். அவள் கண்ணாடியை மேஜை ஓரத்தில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து அவளும் என் மாணவி. வீட்டுக்கு வரும் வழியில், "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே. இன்னும் மனசுக்குள்ள என்னென்ன வெச்சிருக்கீங்களோ" என்றாள். அன்று முதல் நான் கேட்காமலே இரண்டாவது தேநீர் வருகிறது. பல்லியை விரட்ட என்னைக் கூப்பிடுகிறாள். பல்லி என்றால் நான் எந்த அறையில் இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்போது போய் விரட்டுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு. வீட்டுச் சொந்தக்காரரிடம், "எங்க வீட்டுக்காரர் நீச்சல் வாத்தியார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் வாடகை விஷயமாகப் பேசும்போதுகூட இப்போது எழுந்து நின்று பேசுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து, 'பாவம்' என்கிற மாதிரி ஒரு பார்வை வைத்திருந்தாள். அது போய் வேறு பார்வை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது போய்விடும். அதுதான் எனக்குத் தாங்காது போலிருக்கிறது.

ஏனென்றால் நூலகர் அம்மாள் ஞாயிற்றுக்கிழமைக்கு நகராட்சிக் குளத்தில் அனுமதி வாங்கிவிட்டார். மறுநாள் திங்கட்கிழமை அதே குளத்தில் படகுத்துறைக்காரருக்குப் பரீட்சை. நான் முன்னால் இறங்கி நீந்திக் காட்ட, மற்றவர்கள் பின்னால் வர வேண்டுமாம். தையல்கார அம்மாள் எல்லோருக்கும் ஒரே துணியில் கால்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு மட்டும் ஓரத்தில் வாத்தியாருக்கென்று ஒரு பட்டை. நான் ஊரில் இல்லை என்றால், குளத்துக் காவலர்தான் அவர்களைக் கவனிக்க வேண்டியிருக்கும். அவர் விசில் வைத்திருக்கிறார், நீந்தத் தெரிந்தவர், சம்பளம் வாங்குகிறவர். யாரும் முழுக விட மாட்டார். நானும் மானத்தோடு இருப்பேன். ஆகவே இடுப்பை மறந்துவிடாதீர்கள். பொய் சொல்ல உங்கள் மனம் இடம் கொடுக்காவிட்டால், சனிக்கிழமை ஏதாவது கனமான பொருளைத் தூக்கி, லேசாக உண்மையிலேயே பிடிக்கும்படி செய்துகொண்டாலும் சரி. உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, படிக்க வேண்டிய காலத்தில் நீச்சலையும் படித்து, நீடு வாழ ஆசீர்வாதம். நாய்க்கும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். இடுப்பு வேண்டாம். இந்தக் கடிதத்தில் இரண்டு இடத்தில் அடித்தல் இருந்ததால் திருத்திப் புதிதாக எழுதினேன். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முடிப்பதற்குள் தபால் எடுக்கும் நேரம் போய்விட்டது. இது செவ்வாய்க்கிழமை எழுதுவது. ஞாயிறு வந்தது, போனேன்.

அவர்கள் எல்லோரும் குளத்தின் அந்தப் பக்கத்து ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன். ஓரத்தில் ஆழத்தைக் குறித்த எண்களை யாரோ வெகு அழகாக எழுதியிருந்தார்கள்; பழைய தொழில் புத்தி, அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நகர்ந்ததில், எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. அது பெரிய எண். படகுத்துறைக்காரர் முகத்தைப் பார்த்தேன். இனி மறைக்கக் கூடாது என்று முடிவு செய்து, என்னால் முடிந்த அளவு சத்தமாக, "எனக்கு நீச்சல் தெரியாது. நம்புங்கள்" என்றேன். வழக்கம் போல் கை தட்டினார்கள். கை தட்டினால் வணங்காமல் இருப்பது மரியாதை இல்லை, வணங்கினேன். வணங்கினால் ஓர் அடி பின்வாங்குவது என் வழக்கம். பின்னால் தரை இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுத இயலாது. கையை மேலே தூக்கினேன், கத்தினேன், தண்ணீரில் ஏறப் பார்த்தேன், மூச்சை இறுக்கிப் பிடித்தேன். காவலர் விசிலை வாயில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். படகுத்துறைக்காரர் வந்துகொண்டிருந்தார். வலது கை, இடது கை, மூச்சு. அதை நீச்சல் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் வந்து சேர்ந்தார். என் கால்சட்டைப் பட்டையைப் பிடித்து இழுத்து ஓரக் கம்பியில் மாட்டினார். அவர் குளத்தின் அகலத்தைக் கடந்துவிட்டார் என்பதை முதலில் கவனித்தது காவலர்தான். மறுநாள் பரீட்சை வைக்க வேண்டியவரும் அவர்தான். "ஆளையே காப்பாத்திட்ட. நாளைக்கு நீ வேற எதுக்கு வரணும்?" என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். படகுத்துறைக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "செய்யக் கூடாதுன்னு சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம, அதே வரிசையில செஞ்சு காட்டினீங்க சார். எனக்காக இவ்வளவு தண்ணி குடிச்சீங்களே" என்று அழுதார். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. மற்றதைத் திருத்த வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. உங்கள் அக்கா துண்டைக் கொண்டுவந்து தலையைத் துவட்டிவிட்டாள். "என்னமா நடிச்சீங்க" என்றாள். மரியாதை குறையவில்லை, கூடியிருக்கிறது.

நேற்று நூலகத்துக்குப் போய், தூண் மனிதர் இல்லாத நேரம் பார்த்து, 'நீச்சல்' சீட்டை ஒருவழியாக வேண்டும் பலகையில் குத்திவிட்டேன். நிம்மதியாகத் திரும்பினால், தெரியும் பலகையின் நடுவில், என் விவரத்தோடு, யார் வைத்ததோ தெரியவில்லை, புதிதாக ஒரு சீட்டு: 'நடிப்பு'. இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் வகுப்பு அடுத்த புதன்கிழமை. எனக்கு நடிக்கத் தெரியாது என்று நூலகரிடம் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு இயல்பாகச் சொல்கிறீர்கள் என்கிறார். ஆகவே, அன்புள்ள மைத்துனரே, இடுப்பு வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அடுத்த புதன்கிழமை காலை, அதே இடுப்பு.

தம்பிக்கு அக்கா எழுதறது: மை காயட்டும்னு இந்தக் கடிதத்த ஒட்டாம ஜன்னல்ல வெச்சுட்டு உங்க அத்தான் தபால்தலை வாங்கப் போயிருக்கார். காத்து அடிச்சு அடுப்படிக்கு வந்துடுச்சு. வந்தத படிக்காம இருக்க நான் ஒண்ணும் அவர் இல்ல. ஒரு சொம்பு தண்ணிய தலையில ஊத்தவே கண்ண இறுக்கி மூடிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணுற மனுஷன், அவருக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்கு மேஜையப் பார்த்த அன்னிக்கே தெரியும். ஆனா அவர் அவ்வளவு சத்தமா நாலு பேர் முன்னாடி பேசி நான் கேட்டதே இல்லடா. அதக் கேக்கத்தான் போய் உக்காந்தேன். குளத்துலயும் அவருக்கு முன்னாடியே காவலர்கிட்ட போய், "இவர் கண்டிப்பா விழுவார், ஒரு கண் வெச்சுக்கோங்க"ன்னு சொல்லி வெச்சிருந்தேன், படகுத்துறைக்காரர் முந்திக்கிட்டார். நீ போன் பண்ணாதே. பண்ணினா நான்தான் எடுப்பேன், நல்லா வாங்கிக் கட்டிக்குவே. அந்த நடிப்புச் சீட்டக் குத்தினது நான்தான். ஒன்பது பேர்ல முதல் பேர் என்னோடது. எனக்கு எதுக்கு அந்த வகுப்புன்னு கேக்காதே. ஒரு மாசமா வீட்டுல நான் ஒருத்தி நடிச்சிட்டு இருக்கேன். அதக் கண்டுபிடிக்கவாவது அவர் கொஞ்சம் கத்துக்கட்டும்.